ஜப்பானில் 11 ஆண்டு ஆசிரியர் வேலை: பென்ஷன் பிடித்தமும் மாதக் கணக்கும்

2014 ஏப்ரலில் ஜப்பானுக்கு ஆங்கில உதவி ஆசிரியராக வந்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டின் பென்ஷன் அமைப்புக்குள் இருக்கிறேன். முதல் 2 ஆண்டு கொகுமின் நென்கின், அதாவது எல்லோருக்குமான தேசிய ஓய்வூதியம். அதன்பின் கோசேய் நென்கின், சம்பளக்காரர்களுக்கான ஓய்வூதியம். இங்கே வரும் தமிழ் ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மாசாமாசம் பிடிக்கிற இந்தக் காசு நமக்குக் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். எவ்வளவு கிடைக்கும் என்பது நீங்கள் எத்தனை மாதம் கட்டினீர்கள், எந்தத் தேதியில் வேலையை விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மாதக் கணக்கை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

முதல் வேலை, பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தில். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஏன் அந்த அரை மணி குறைகிறது என்று அப்போது யோசிக்கவில்லை. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 40 மணிக்கு 30 மணி இருந்தால், நிறுவனம் நம்மைக் கோசேய் நென்கினில் சேர்த்துப் பாதித் தொகையைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த அரை மணியைக் குறைத்ததில் அவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். இன்று விதி மாறியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ கோசேய் நென்கினில் உள்ள நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரமும் மாதம் 88,000 யென் சம்பளமும் இருந்தாலே பொதுவாகச் சேர்த்தாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நிறுவனம் சேர்க்காததால் தேசிய ஓய்வூதியத்தை நானே கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மாதம் 15,250 யென். பென்ஷன் அலுவலகத்திலிருந்து கட்டணச் சீட்டுக் கட்டு வந்தது. விருப்பப்பட்டால் கட்டலாம் போல என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். 11 மாதம் கழித்து நினைவூட்டல் கடிதத்தோடு அந்த அலுவலகத்தில் போய் நின்றபோதுதான் அது கட்டாயம் என்று தெரிந்தது. 1,67,750 யென்னை ஒரே மூச்சில் கட்டினேன். அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. முந்தைய ஆண்டு வருமானம் குறைவாக இருந்தால் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், முழு விலக்கு பெற்ற மாதங்களும் தகுதிக் காலத்தில் சேரும் என்றும், அவற்றுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில், அதாவது தேசிய ஓய்வூதியத்திலிருந்து வரும் தொகையில், பாதி கிடைக்கும் என்றும் அந்த அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன். வந்த முதல் ஆண்டிலேயே கேட்டிருக்கலாம். சும்மா கட்டாமல் விட்ட மாதமோ எதிலும் சேராது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, கடைசி 2 ஆண்டு பென்ஷன் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டினோமா என்றும் பார்க்கிறார்கள். பிறகு சேர்த்துக் கட்டினாலும் தாமதம் தாமதம்தான்.

2016 ஏப்ரலில் ஒரு நகராட்சிக் கல்வி வாரியம் என்னை நேரடியாக வேலைக்கு எடுத்தது. சம்பளச் சீட்டில் முதல்முறையாகக் கோசேய் நென்கின் பிடித்தம் தெரிந்தது. 2017 செப்டம்பரிலிருந்து மொத்த விகிதம் 18.3 சதவீதம். பாதி நாம், பாதி வேலை கொடுப்பவர். 2,80,000 யென் என்ற சம்பளப் படிநிலையில் இருப்பவருக்கு மாதம் 25,620 யென் பிடிப்பார்கள். பார்க்கும்போது வலிக்கும், எனக்கும் வலித்தது. ஆனால் அதே அளவு தொகை வேலை கொடுப்பவரிடமிருந்தும் நம் பெயரில் போகிறது.

நான் வந்தபோது 25 ஆண்டு கட்டினால்தான் முதியோர் ஓய்வூதியம். 25 ஆண்டு இங்கே இருக்கப் போகிறவர் யார் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தார்கள். 2017 ஆகஸ்டில் அது 10 ஆண்டாகக் குறைந்தது. என் முடிவையே மாற்றிய செய்தி அதுதான்.

அந்த ஆண்டு பிறந்த மாதத்தில் நென்கின் தெய்கிபின் அஞ்சலட்டை வந்தது. நம் கணக்கில் எத்தனை மாதம் பதிவாகியிருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் தகவல் அது. என் அட்டையில் 2016 ஏப்ரலுக்கு முந்தைய 24 மாதங்களைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் காரணம் என் பெயர். நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. நகராட்சியில் அப்பா பெயரை முன்னால் போட்டு எழுதியிருந்தார்கள். புதிய வேலையிடத்தில் என் பெயரை முன்னால் போட்டு, கதகனா என்ற ஜப்பானிய எழுத்து முறையில் ஓர் உயிரெழுத்தையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய நீலநிறப் பென்ஷன் புத்தகத்தை நான் கொடுக்காததால் புது எண் போட்டுவிட்டார்கள். ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு எண். நென்கின் ஜிமுஷோவுக்கு, அதாவது பென்ஷன் அலுவலகத்துக்கு, குடியிருப்பு அட்டையையும் கட்டண ரசீதுகளையும் எடுத்துப்போய் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னேன். அடுத்த ஆண்டு அட்டையில் எல்லா மாதமும் வந்திருந்தது. இனிஷியல் உள்ள தமிழர்கள் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அடிப்படைப் பென்ஷன் எண்ணைக் கொடுங்கள். பெயர் கதகனாவில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நீலப் புத்தகம் 2022 ஏப்ரலோடு நின்றுவிட்டது. இப்போது எண் ஓர் அறிவிப்புத் தாளில் வருகிறது.

இனி, பெரும்பாலோர் எதிர்பார்க்கும் தத்தாய் இச்சிஜிகின். நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒருமுறைத் தொகை. குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும், 10 ஆண்டுத் தகுதி வந்திருக்கக் கூடாது, ஜப்பானில் முகவரி நீங்கிய 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோசேய் நென்கினில் இதைச் சராசரிச் சம்பளத்தை ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 6 மாதப் படியாகத்தான் ஏறும். 30 மாதத்துக்கு 2.7, 36 மாதத்துக்கு 3.3, 60 மாதமும் அதற்கு மேலும் 5.5. இடையில் விழும் மாதங்களுக்குத் தனியாக எதுவும் கிடையாது.

இதில் அடிபட்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் நண்பர். 2019 ஏப்ரலில் ஒரு நிறுவனம் வழியாகச் சேர்ந்தார். ஒப்பந்தம் 2022 மார்ச் 30 அன்று முடிந்தது. மூன்று ஆண்டு, 36 மாதம் என்றுதான் அவரும் நானும் நினைத்திருந்தோம். ஆனால் வேலையை விட்ட மறுநாள் கோசேய் நென்கின் காப்பீட்டு உரிமை போகிறது, அந்த மறுநாள் எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதம் கணக்கில் சேராது. மார்ச் 31 அன்று வேலை முடிந்திருந்தால் உரிமை போவது ஏப்ரல் 1, மார்ச் மாதம் சேரும். மார்ச் 30 என்று போட்டதால் மார்ச் போய்விட்டது. 35 மாதம் ஆயிற்று, 35க்கு 30 மாதப் படிதான். அவர் சம்பளப் படிநிலை 2,80,000 யென். 9,24,000 வர வேண்டிய இடத்தில் 7,56,000 வந்தது. ஒரு நாளுக்கு 1,68,000 யென். அந்தத் தேதியை ஒப்பந்தத்தில் போட்ட நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அதிலும் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டார்கள், 1,54,375 யென். "அண்ணை, இதுவும் போச்சோ?" என்று போனில் கேட்டார். போகவில்லை. கோசேய் நென்கின் தொகையில் பிடிக்கும் வரியைத் திரும்பக் கேட்கலாம். தேசிய ஓய்வூதியத்தின் ஒருமுறைத் தொகையில் இப்படி வரி பிடிப்பதில்லை. திரும்பக் கேட்க ஜப்பானில் இருக்கும் ஒருவரை நோசெய் கன்ரினினாக, வரிப் பொறுப்பாளராக, நியமிக்க வேண்டும். கிளம்பும் முன்பே அவர் என்னை நியமித்து வரி அலுவலகத்தில் தாள் கொடுத்திருந்தார். தொகை போட்டதற்கான அறிவிப்புக் கடிதத்தை அவர் தபாலில் அனுப்ப, நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்தேன். ஓய்வுக்கால வருமானமாகக் கருதும்போது ஆண்டுக்கு 4 லட்சம் யென் கழிவு உண்டு. மூன்று ஆண்டுக்கு 12 லட்சம். அவர் தொகை அதற்குள் அடங்கியதால் பிடித்த வரி முழுவதும் திரும்பியது. என் கணக்கில் விழுந்த அன்றே அவருக்கு அனுப்பிவைத்தேன். இதைக் கேட்க 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. முன்பே ஊருக்குத் திரும்பியவர்கள் உங்கள் தேதியைப் பாருங்கள்.

அவருக்கு ஒருமுறைத் தொகையை வாங்கச் சொன்ன நானே, இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் பொறுங்கள் என்கிறேன். இலங்கைக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. இந்தியாவோடு 2016 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. இந்தியாவில் ஒரு தனியார் பள்ளியில் பி.எஃப். பிடித்தம் இருந்து, அதன் ஓய்வூதியத் திட்டத்தில் 4 ஆண்டு இருந்தவர், இங்கே 6 ஆண்டு கட்டினால், இரண்டையும் கூட்டி 10 ஆண்டுத் தகுதியைக் காட்டலாம். தொகை இங்கே கட்டிய 6 ஆண்டுக்குத்தான் வரும், ஆனால் ஆயுள் முழுக்க வரும். ஒருமுறைத் தொகையை வாங்கிவிட்டால் அந்த 6 ஆண்டும் பதிவிலிருந்து அழிந்துவிடும், கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. கையில் வரும் மொத்தப் பணத்தைப் பார்த்து இதை மறந்துவிடாதீர்கள்.

நான் போட்ட கணக்கு இது. 2,80,000 யென் படிநிலையில் 10 ஆண்டு கோசேய் நென்கின் கட்டினால் நம் கையிலிருந்து போவது சுமார் 30,74,000 யென். 65 வயதில் சம்பளம் சார்ந்த பகுதி ஆண்டுக்குச் சுமார் 1,84,000. அதோடு, 40 ஆண்டு கட்டினால் முழுதாகக் கிடைக்கும் அடிப்படை ஓய்வூதியத்தில் நாற்பதில் பத்து பங்கு, 2025ஆம் ஆண்டு விகிதப்படி சுமார் 2,08,000. ஆக ஆண்டுக்கு 3,92,000 யென். 8 ஆண்டுக்குள் நாம் கட்டியது திரும்பிவிடுகிறது. வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கும் அனுப்புகிறார்கள். அதே ஆள் ஐந்தாம் ஆண்டில் கிளம்பி ஒருமுறைத் தொகை வாங்கினால் அதிகபட்சம் 15,40,000.

இந்தப் பிடித்தத்தில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. காப்பீட்டில் இருக்கும்போது வந்த நோயாலோ விபத்தாலோ ஊனம் ஏற்பட்டால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. கோசேய் நென்கினில் நீங்கள் கட்டியது சில மாதமே ஆனாலும் 300 மாதம் கட்டியதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். தனியாக வந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

2024 மார்ச் மாதத்தோடு எனக்கு 120 மாதம் நிறைந்தது. நென்கின் நெட் தளத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அலமாரியில் சீட்டுக் கட்டை வைத்த அந்த முதல் ஆண்டை நினைத்துக்கொண்டேன். இந்த வசந்தத்தில் புது ஒப்பந்தம் வந்தது. சம்பளத்தைப் பார்க்கும் முன் கடைசித் தேதியைத் தேடினேன். மார்ச் 31 என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.