கோட்டை வாசலில் பறிகொடுத்த 220 டாலர்

நேற்று நியூயார்க்கின் பேட்டரி பூங்காவில் 220 டாலரை ஏமாந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்தைக் காப்பதற்காக 1811இல் கட்டி முடிக்கப்பட்டு, 1855 முதல் 1890 வரை குடியேறிகள் வந்திறங்கும் நிலையமாகவும் பிறகு மீன் காட்சியகமாகவும் இருந்த கேஸில் கிளின்டன் என்னும் வட்டக் கோட்டை அந்தப் பூங்காவுக்குள்தான் நிற்கிறது. சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுக்கான டிக்கெட் கவுன்டர் அந்தக் கோட்டைக்குள்ளேயே இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

சுரங்க ரயில் நிலையத்தை விட்டு மேலே ஏறியதுமே, பளிச்சென்ற மேலங்கியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எங்களை மறித்தார். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கவனித்தவர், கோட்டையில் இரண்டு மணி நேர வரிசை என்றும் வயதானவர்களால் நிற்க முடியாது என்றும் சொல்லிக்கொண்டே, தம்முடைய மடக்கு நாற்காலியை விரித்து அம்மாவை உட்கார வைத்தார். அந்த நாற்காலியில்தான் நான் விழுந்தேன். சிலைக்குப் போகுமா என்று இரண்டு முறை கேட்டேன், "சிலைக்கேதான்" என்றார். ஆளுக்கு 55 வீதம் நால்வருக்கு 220 டாலர், நின்ற இடத்திலேயே கார்டில் கட்டினேன்.

வேறொரு படகுத்துறைக்கு இருபது நிமிடம் நடக்க வைத்தார்கள். படகு சிலைக்கு எதிரே சற்று நின்றது, எல்லோரும் படம் எடுத்தார்கள், திரும்பிவிட்டது. "இறங்க வேண்டாமாப்பா?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

படகுக்காரர்கள் விற்றவரைக் கேட்கச் சொன்னார்கள். டிக்கெட்டிலிருந்த எண்ணை அழைத்தால், மேலாளர் பேசுவார் என்றார்கள். மறுபடி அழைத்ததற்கு, 'துறைமுக உலா' என்றுதானே அச்சிட்டிருக்கிறது என்றார்கள். பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. நீங்களே ஒப்புதல் தந்த பணம் என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. மாலையில் பூங்காவுக்குத் திரும்பினால், அதே நாற்காலியில் வேறொரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தை எச்சரித்துவிட்டுக் கோட்டைக்குள் போய்ப் பார்த்தேன்: கவுன்டரில் பத்துப் பேர்கூட இல்லை, பெரியவர்களுக்குச் சுமார் 25 டாலர்தான். எனக்குப் போனது 220!

போகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது, இப்போதைக்கு இவ்வளவுதான். வழியில் யார் அழைத்தாலும் நிற்காமல் கோட்டைக்குள் போங்கள், அதற்குள் நுழையக் கட்டணமில்லை. சிலை நிற்கும் லிபர்ட்டி தீவில் இறக்கிவிடுவார்களா என்பதை டிக்கெட்டில் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் போதுமென்றால் பக்கத்திலேயே ஸ்டேட்டன் தீவுப் படகு இலவசமாகப் போகிறது. அதற்கும் டிக்கெட் என்று எவராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்.