அசல் அட்டையா, டிஜிலாக்கரா?

வண்டியை மறித்து லைசென்ஸ் கேட்க, சீருடையில் இருக்கும் போலீஸாருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அட்டையைக் காட்டலாம், டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசு செயலிகளில் திறந்தும் காட்டலாம். இரண்டும் செல்லும் என்று 2018லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

அட்டைக்கு சார்ஜும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். ஆனால் 206ஆம் பிரிவின்கீழ் அதைக் கைப்பற்றலாம். அப்படி எடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அட்டை திரும்பும்வரை, அல்லது சீட்டில் குறித்த தேதிவரை, அந்தச் சீட்டை வைத்துத்தான் ஓட்ட முடியும்.

செயலியில் காட்டினால் பறிமுதலும் போக்குவரத்து அபராதங்களுக்கான இ-சலான் தளத்தில் பதிவாகும், கையில் எதையும் இழக்க வேண்டாம். பலர் மாட்டுவது கேலரியில் உள்ள போட்டோவை நீட்டித்தான். அது செல்லாது, செயலிக்குள்ளிருந்தே திறக்க வேண்டும். ஊருக்குள் செயலி போதும். மலைப்பாதைக்கு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.