உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு மைக்: ஷூர் எஸ்எம்58

உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவில் மைக் பாட்டுக்கு மட்டும் உழைப்பதில்லை. ஏழு மணிக் கச்சேரி என்றால் ஆறரைக்கே அன்னதானம் தயார் என்று ஒருவர் அதைப் பிடித்து முழங்குவார். பச்சைச் சட்டை போட்ட பையன் காணவில்லை என்று இன்னொருவர் வருவார். நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் இருபது நிமிடம் ஓடும். ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் இரண்டு தரம் ஊதுவார்கள், அப்படியும் நம்பிக்கை வராமல் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். இதெல்லாம் முடிந்தபிறகுதான் பிள்ளையார் பாட்டு. இந்தப் பிழைப்புக்கு நோஞ்சான் மைக் ஒரு சீசன்கூட நிற்காது. எஸ்எம்58 நிற்கும். குரல் எப்படி வருகிறது என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

1966-இல் வந்த மாடல். பெயரில் உள்ள எஸ்எம் என்பது 'ஸ்டூடியோ மைக்ரோஃபோன்' என்பதன் சுருக்கம். ஸ்டூடியோவுக்கென்று பிறந்து மேடைக்கு வாழ்க்கைப்பட்ட பிறவி. டைனமிக் வகை, அதாவது காந்தத்துக்குள் ஒரு சின்ன காயில் அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. பேட்டரியும் வேண்டாம், சத்தங்களைக் கலக்கும் மிக்சரிலிருந்து கேபிள் வழியே வரும் மின்சாரமான ஃபாண்டம் பவரும் வேண்டாம். எடை 298 கிராம். சத்தத்தை வாங்கும் பாகமான கேப்சூலை உள்ளே ஒரு காற்று மெத்தை தாங்கிக்கொண்டிருப்பதால், கை மாறும்போது வரும் 'கடமுடா' பெருமளவு அடங்கிவிடுகிறது. 50 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். புல்லாங்குழலின் மூச்சுச் சத்தமும் சிம்பலின் மினுமினுப்பும் முழுதாக வராது. பாடகருக்கு அது குறையே அல்ல. குரலின் எழுத்துகள் தெளிகிற 4,000 - 5,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால், ரிதம் பேடும் டோலக்கும் கீபோர்டும் ஒன்றாகக் கத்தும்போதும் பாட்டின் வார்த்தை கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். ஏற்கெனவே கூர்மையான குரலென்றால் இதே குணம் காதைக் குத்தும். மிக்சரில் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபெல் குறைத்தால் சரியாகிவிடும்.

இந்த மைக்கைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை, பிடிக்கிறவர் கையைப் பற்றிய புகார்கள்தான்.

முதல் குற்றவாளி, மைக் தலையில் இருக்கும் வலை உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பவர். பார்க்க ஸ்டைலாக இருக்கும். எஸ்எம்58 கார்டியாய்டு வகை. முன்னால் வரும் சத்தத்தை எடுத்துப் பின்னால் வருவதைத் தள்ள வேண்டுமென்றால், கேப்சூலின் பின்பக்கத் துளைகள் வழியாகவும் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளைகள் இருப்பது உருண்டையின் கீழ்ப்பாதிக்குள். கையால் மூடினால் திசை பார்க்கும் புத்தி போய், நாலாபக்கமும் கேட்கிற மைக்காகிவிடும். பாடகர் தன் குரலைக் கேட்கக் காலடியில் வைத்த ஸ்பீக்கரான மானிட்டரின் சத்தமும் உள்ளே புகும். மைக் கூவ ஆரம்பிக்கும். மிக்சர்காரர் பதறி கெய்னை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைப்பார். குரல் குறைந்துவிட்டதே என்று பாடகர் இன்னும் இறுக்கிப் பொத்துவார். இந்தச் சண்டை பல்லவியில் தொடங்கினால் இரண்டாவது சரணம்வரை போகும். உருண்டைக்குக் கீழே, கைப்பிடியின் நடுவில் பிடித்தால் போதும்.

அடுத்தது தூரம். உதட்டிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் வந்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபெல் வரை அடிக்குரல் ஏறும். மெலிந்த ஆண்குரலுக்கு இது இலவசச் சத்துணவு. ஏற்கெனவே கனத்த குரல் என்றால் பானைக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். மெல்லிய வரிகளுக்கு இரண்டு விரல் தூரம், உச்சஸ்தாயிக்கு ஒரு சாண் தூரம் என்று பாடகர் தானே கையை நகர்த்தப் பழகிவிட்டால், மிக்சர்காரர் டீ குடித்துவிட்டு வரலாம். இந்த இயற்பியலை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே ஆள் குழுவில் மிமிக்ரி கலைஞர். இடி, ஹெலிகாப்டர், ரயில் எல்லாம் அவர் உதட்டை உருண்டையில் ஒட்டி, கையால் பொத்தி, பாடகருக்கு வேண்டாம் என்று சொன்ன அத்தனையையும் வேண்டுமென்றே செய்து எடுப்பவை. அவர் மேடையேறும்போது மானிட்டரைக் குறைத்துவிடுங்கள், அது போதும்.

'ப' வரிசை இன்னொரு தலைவலி. பூ, பனி, பாவை, பௌர்ணமி இல்லாமல் நமக்குக் காதல் பாட்டே கிடையாது. ஒவ்வொரு 'ப'வுக்கும் ஸ்பீக்கர் 'பொத்' என்று அடிக்கும். உருண்டைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு ஓரளவே தடுக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயோரமாகச் சாய்த்து, மிக்சரில் அடிச்சத்தத்தை வெட்டும் 100 ஹெர்ட்ஸ் லோ-கட் பட்டனை அழுத்திவிட வேண்டும். மைதானத்தில் காற்று பலமாக இருந்தால் மேலே ஒரு ஸ்பாஞ்சு உறை போடலாம்.

டூயட்டுக்கு ஒரே மைக் வைத்துச் சமாளிக்கும் குழுக்கள் கவனிக்க: தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் விழும். பக்கவாட்டில், 90 டிகிரியில் நிற்பவருக்கு இன்னொரு 6 டெசிபெல் போகும். ஈடுகட்ட கெய்னை ஏற்றினால் மைக் விசிலடிக்கும். இரண்டாவது மைக் வாங்குவதுதான் வழி. அதுவரை இருவரும் தோளோடு தோள் நின்று மைக்கின் முகத்தைப் பார்த்துப் பாடட்டும்; ஒருவரையொருவர் பார்த்துப் பாடுவதெல்லாம் இரண்டு மைக் வந்தபிறகு.

மானிட்டரை வைக்கும் இடம் முக்கியம். எஸ்எம்58-க்குக் காது கேட்காத இடம் அதன் வால், அதாவது கேபிள் மாட்டும் முனை, நேராகப் பார்க்கும் திசை, 180 டிகிரி. மைக்கின் வால் தரையில் இருக்கும் மானிட்டரைப் பார்க்கிற மாதிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதன் விலைகூடிய தங்கை பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு. அதற்குச் செவிட்டுப் பக்கம் வாலுக்கு நேரே இல்லை, இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. ஒரே மானிட்டரை நடுவில் வைத்து ஒப்பேற்றும் சின்ன மேடைக்கு 58-தான் தோது.

மைக் 'செத்துப்போச்சு' என்று சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் பிளக்குக்குள் சால்டர் விட்டுப்போவதுதான் வழக்கமான வியாதி. பின் 1 எர்த், 2-உம் 3-உம் சிக்னல். மைக்செட்காரரின் பழைய ஆம்ப்ளிஃபயரில் கால் இஞ்ச் ஜாக் மட்டும் இருந்தால், 2-ஐ முனைக்கும் 1-ஐயும் 3-ஐயும் சேர்த்து எர்த்துக்கும் சால்டர் வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் கேபிள் நீளமாகி சீரியல் செட் வயரோடு பின்னிக்கொண்டு போனால் 'உம்ம்' என்று ஒரு தம்புரா சுருதி இலவசம், அதுவும் தப்பான சுருதியில். நீளமான ஓட்டத்துக்கு இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளே போடுங்கள். அப்படிப்பட்ட கேபிளில் தெரியாமல் ஃபாண்டம் பவர் போய்விட்டாலும் மைக்குக்கு ஒன்றும் ஆகாது.

சுவிட்ச் உள்ள வகையும் கிடைக்கிறது, எஸ்எம்58எஸ். ஆர்கெஸ்ட்ராவுக்கு வேண்டவே வேண்டாம். ஒருவர் ஆஃப் செய்து வைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் வாயசைப்பார், மிக்சரில் எல்லாக் குமிழும் மேலே ஏறும், அப்போது யாரோ ஆன் செய்வார்கள். முன்வரிசைத் தாத்தாக்கள் பாவம்.

உருண்டை இடதுபக்கமாகத் திருகினால் கழன்று வரும். வெற்றிலையும் இருமல் மாத்திரையும் கலந்த வாசனை வர ஆரம்பித்ததும், அதை மட்டும் தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். கேப்சூல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கேப்சூலைத் திருகவும் கூடாது. கீழே போகிற இரண்டு மெல்லிய வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். கீழே விழுந்து உருண்டை நசுங்கினால் சந்தோஷப்படுங்கள், அடியை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு உள்ளேயிருந்து கரண்டிக் காம்பால் தள்ளினால் ஓரளவு நிமிரும். மரை உள்ள விளிம்பே கோணியிருந்தால் மட்டும் புதிது வாங்க வேண்டும். கடையில் ஆர்கே143ஜி என்று கேளுங்கள். கேப்சூலே போய்விட்டால் ஆர்59.

போலி மிக அதிகம். பெட்டி, பை, எழுத்து எல்லாமே அச்சு அசலாக இருக்கும். விலை பாதிக்கும் கீழே என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். தபால் தராசில் வைத்துப் பார்க்கலாம், பல போலிகள் எடையில் மாட்டிக்கொள்ளும். உள்ளே இரும்புத்துண்டு ஒட்டியவையும் உண்டு என்பதால் எடையை மட்டும் நம்ப வேண்டாம். அசலின் கைப்பிடிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உறைந்த பசைக்குள் உட்கார்ந்திருக்கும். நிச்சயமான வழி, நல்லது என்று தெரிந்த ஒரு 58-ஐ எடுத்துப்போய் ஒரே மிக்சரில் ஒரே அளவு கெய்னில் இரண்டிலும் பாடிப் பார்ப்பது. வாலைத் தூக்கி நெருப்புக்குச்சி கிழிக்கிற மாதிரி விரலால் தேய்த்தும் பாருங்கள். போலியில் அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் பளிச்சென்று வரும்.

தபேலாவுக்கும் டோலக்குக்கும் இதே குடும்பத்து எஸ்எம்57 நல்லது, உருண்டை இல்லாததால் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். பட்ஜெட் இல்லையென்றால் எஸ்எம்58 போதும், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பெட்டியில் கேபிள் வராது. ஸ்டாண்டில் மாட்டும் கிளிப், ஜிப் பை, ஒரு பித்தளை மரை வளையம் வரும். அந்த வளையம் முதல் கச்சேரியிலேயே தொலைந்துபோகும். எல்லா 58-உம் ஒரே முகம் என்பதால் வாலில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்: ஆண் பாடகருக்குச் சிவப்பு, பெண் பாடகிக்குப் பச்சை, தொகுப்பாளருக்கு மஞ்சள். விழாக் கமிட்டித் தலைவருக்கென்று கறுப்பு டேப் சுற்றிய ஒரு பழைய மைக் தனியாக இருக்கட்டும். அதன் குமிழ் மிக்சர்காரருக்கு எட்டுகிற தூரத்தில்.