லினக்ஸ் மின்டின் ‘வெரிஃபை’: நல்ல கருவிதான், தேவைப்படுபவர் கையில் இல்லை

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் 21.1 பதிப்பு முதல், ஐஎஸ்ஓ கோப்பின் (இயங்குதளத்தை நிறுவ இறக்கும் கோப்பு) மேல் வலது கிளிக் செய்தால், அதைச் சரிபார்க்க ‘வெரிஃபை’ என்று ஒரு வரி இருக்கும். மின்ட், உபுண்டு ஐஎஸ்ஓ என்றால் ஷா256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) பட்டியலுக்கும், அந்தப் பட்டியலை வெளியிட்டது யார் என்று காட்டும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்துக்குமான இணைப்புகள் தாமாகவே நிரம்பியிருக்கும். பொத்தானை அழுத்தினால் போதும். மற்ற டிஸ்ட்ரோக்களுக்கு (லினக்ஸ் வகைகளுக்கு) அவற்றை நாமே கொடுக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கம் போகவே வேண்டாம்.

கையொப்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இதன் பலம். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பைப் பல்கேரியாவிலிருந்த ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்த ஐஎஸ்ஓவுக்குள் ‘சுனாமி’ என்ற பின்கதவு நிரல் (கணினிக்குள் ரகசியமாக நுழைய வழிவிடுவது). இணைப்பையே மாற்றத் தெரிந்தவனுக்குப் பக்கத்திலிருக்கும் செக்சமை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? டவுன்லோட் பாதியில் அறுந்ததா, கெட்டதா என்று செக்சம் சொல்லும். கோப்பு யாருடையது என்பதைக் கையொப்பம்தான் சொல்லும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. கருவி மின்டுக்குள் இருக்கிறது. முதல்முறை மின்டை இறக்குபவரோ விண்டோஸில் அல்லவா இருக்கிறார்! அவருக்குக் கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் உதவும்: வலது கிளிக், ‘சிஆர்சி ஷா’, ‘ஷா-256’. விண்டோஸ் 11இல் இது ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்திருக்கலாம். வரும் 64 எழுத்தில் முதல் நாலு, கடைசி நாலு மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். செக்சம் பட்டியலை நோட்பேடில் திறந்து, முழுவதையும் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். அது அகப்படும் வரியில் உங்கள் கோப்பின் பெயர்தான் இருக்க வேண்டும். மின்டின் சின்னமன் வகையை இறக்கிவிட்டு இன்னொரு வகையான எக்ஸ்எஃப்சிஇயின் வரியோடு ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் உண்டு.

கையொப்பத்தைச் சரிபார்க்க விண்டோஸில் ஜிபிஜி4வின் என்ற மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். கையொப்பமிட்டவரின் டிஜிட்டல் சாவிக்கு நம்பகச் சான்று இல்லை என்று எச்சரிக்கை வரும், மிரள வேண்டாம். ‘குட் சிக்னேச்சர்’ என்ற வரி வந்து, சாவியின் ஃபிங்கர்பிரின்ட் (அதன் அடையாள எழுத்துகள்) மின்டின் நிறுவல் கையேட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தால் சரி.

செக்சம் பொருந்தவில்லையா? முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் டவுன்லோட் முழுமையாகவில்லை. மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் ஜிபி கணக்கில் மறுபடி இறக்க வேண்டியதில்லை. அதே பதிப்பின் டாரன்ட் கோப்பை ஒரு டாரன்ட் மென்பொருளில் (கோப்புகளைத் துண்டு துண்டாக இறக்குவது) திறந்து, கெட்ட கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் காட்டி ‘ரீசெக்’ கொடுத்தால் பழுதான துண்டுகளை மட்டும் புதிதாக இறக்கிக்கொள்ளும். பிறகு இன்னொருமுறை வெரிஃபை. பென்டிரைவில் எழுதும்போது வரும் பழுது இதில் எதிலும் சிக்காது. அதை எழுதும் மென்பொருளின் சரிபார்ப்பில்தான் பார்க்க வேண்டும்.