வேர்ப்புழுவுக்கு எது கேட்கும்: கையா, வேம்பா, பூஞ்சையா, நூற்புழுவா?

செடி வாடினால் தண்ணீர் ஊற்றத்தான் முதலில் தோன்றும். தொட்டியில் இருந்த ரோஜா வாட வாட நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இலையில் வேப்பெண்ணெயும் அடித்தேன். ஒருநாள் காய்ந்த கிளையைப் பிடித்து லேசாக இழுத்தால், செடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை. மண்ணைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிறை போலச் சுருண்டு, பழுப்புத் தலையும் ஆறு கால்களுமாக 11 வெள்ளைப் புழுக்கள். வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள், அதாவது வேர்ப்புழுக்கள். பின்பக்கத் தோலுக்குள் அவை தின்றது கறுப்பாகத் தெரிந்தது.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம். சுருண்ட வெள்ளைப் புழு எல்லாமே எதிரி இல்லை. மட்கு உரக் குவியலில் கொழுத்துக் கிடப்பவை பெரும்பாலும் மட்கையே தின்று வாழ்பவை. ஒன்றை எடுத்துச் சமதரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து, கால்கள் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டு இனத்தின் புழு. வேரை விட மட்கில்தான் அதற்கு ஆசை, குவியலிலேயே விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்தாலோ, காலை ஊன்றி நகர்ந்தாலோ சந்தேகப்படலாம்.

சரி, எதிரிதான் என்று தெரிந்துவிட்டது. தொட்டி என்றால் என் ஓட்டு கைக்குத்தான். செடியை எடுத்து, வேரை அலசி, பழைய மண்ணை ஒரு தாளில் பரப்பிப் பொறுக்கிவிட்டு, புது மண்கலவையில் நட்டால் அரை மணி நேர வேலை. இதைவிட வேகமான மருந்து எதுவும் கிடையாது. பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீரில் போடலாம். திறந்த இடத்தில் வைத்தால் பறவைகள் பார்த்துக்கொள்ளும். தரையில் இருக்கும் பாத்திக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. நடுவதற்கு முன் கொத்திக் கிளறலாம். செடி வேர்பிடித்து நிற்கும்போது கொத்தினால் புழுவை விட நாம்தான் அதிகம் வேரை அறுப்போம்.

அங்கேதான் மற்ற மூன்றும் போட்டிக்கு வருகின்றன. வேப்பம் புண்ணாக்கை எல்லோரும் சொல்வார்கள். நானும் போடுகிறேன், ஆனால் மருந்தாக நினைத்து அல்ல. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் புழுவின் பசியை மந்தமாக்கும், தோலுரிப்பைக் குழப்பும். இளம் புழுவுக்கு இது பெரிய தொல்லை. இரண்டு முறை தோலுரித்து மூன்றாம் வளர்ச்சிப் பருவத்துக்கு வந்து கொழுத்துவிட்ட புழு இதற்கெல்லாம் அசையாது. நடும்போதே மண்ணில் கலந்து வைத்தால் தடுப்பாகவும் இருக்கும், உரமாகவும் ஆகும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மெட்டாரைசியம் வேறு ரகம். இது ஒரு பூஞ்சை. 1879-லேயே கோதுமையைத் தாக்கும் வண்டின் மேல் இதை ஏவிப் பார்த்தவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ். புழு இதைத் தின்ன வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டினால் போதும், முளைத்து உள்ளே துளைத்துப் போய்விடும். செத்த புழு விறைத்து, முதலில் வெள்ளையாகவும் பிறகு பாசி படிந்தது போலப் பச்சையாகவும் மாறும். ஈரமான, நன்றாக மட்கிய உரத்தில் கலந்து வேர்ப்பகுதியில் போட்டால் மண்ணில் பல மாதம் தங்கும். குறை என்னவென்றால், பொறுமை வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதற்குள் பயந்துபோய் வேர் அழுகலுக்குப் பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால், போட்ட பூஞ்சையை நாமே கொன்றதாகிவிடும்.

வேகம் வேண்டுமென்றால் நூற்புழு, அதாவது மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்ணிய புழு. பெயரைக் கேட்டதும் செடியின் வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு நினைவுக்கு வந்து பலர் பதறுவார்கள். இது அதுவல்ல, செடியைத் தொடாது. ஹெட்டெரோராப்டிடிஸ் என்ற இனம் மண்ணுக்குள் புழுவைத் தேடிப் போய் நுழையும். தன் குடலில் சுமந்துவரும் பாக்டீரியாவை உள்ளே விட்டதும் ஓரிரு நாளில் புழு செத்துப்போகும். வேலை நடந்ததா என்று பார்க்கத் தோண்டினால், வெள்ளையாக இருந்த புழு செங்கல் நிறத்தில் தளர்ந்து கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி தனி. ஆனால் இது உயிருள்ள சரக்கு, நாள்பட்டால் பாக்கெட்டுக்குள்ளேயே செத்துவிடும். வெயில் பட்டாலும் சாகும், காய்ந்த மண்ணில் நகரவே முடியாது. முதலில் மண்ணை நனைத்து, பொழுது சாய்ந்த பிறகு ஊற்றி, மறுபடியும் தண்ணீர் விட்டு, இரண்டு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். இதே கூட்டத்தில் ஸ்டைனெர்னிமா கார்போகாப்சே என்று ஒன்றும் கிடைக்கும். அது மேல்மண்ணில் பதுங்கியிருந்து பிடிக்கும் ஆள். இரவில் இளஞ்செடியைத் தண்டோடு வெட்டிச் சாய்க்கும் வெட்டுப்புழுவுக்குச் சரி, ஆழத்தில் இருக்கும் வேர்ப்புழுவுக்கு அவ்வளவாக எட்டாது. பெயரைப் படித்து வாங்குங்கள்.

இரண்டில் ஒன்று என்றால், செடி இப்போதே வாடுகிறபோது நூற்புழு, அடுத்த பருவத்துக்கான ஏற்பாடு என்றால் மெட்டாரைசியம். இரண்டையும் ஒரே பாத்தியில் போட்டாலும் சண்டை வராது. பூஞ்சையால் தளர்ந்த புழுவுக்குள் நூற்புழு இன்னும் எளிதாக நுழையும்.

ரசாயனம்? வேலை செய்யும், மறுக்கவில்லை. அதுவும் புழு சின்னதாக இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி வேர் வழியே ஏறி மகரந்தத்திலும் தேனிலும் போய் நிற்கும். தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தவே தடை போட்டது. பூக்கும் செடிக்கு அடியில் நான் அதை வைக்க மாட்டேன்.

மேலே இலையில் இருப்பவற்றுக்குக் கதை சுருக்கம். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிக்குச் சோப்புக் கரைசல், கூடவே அதன் தேன்கழிவுக்காகக் காவல் நிற்கும் எறும்பை விரட்டுவது. இலை தின்னும் பச்சைப் புழுவுக்குப் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா அருமையான மருந்து. அந்த ஜோரில் அதையே வேர்ப்புழுவுக்கும் ஊற்றிவிடாதீர்கள். வழக்கமாகக் கிடைக்கும் குர்ஸ்டாகி ரகம் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வகைப் புழுக்களை மட்டும்தான் கொல்லும். மண்ணுக்குள் இருப்பது வண்டின் பிள்ளை.