ஈரப்பத டிரான்ஸ்மிட்டர்: உப்பு பாட்டிலா, ஆய்வகமா?

குறுவை அறுவடை முடிந்தால் விதைநெல் கிடங்குக்காரர்கள் கேட்பது இதைத்தான்: ஈரப்பத சென்சாரை இங்கேயே சரிபார்க்கலாமா, கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பணுமா? இங்கேயே என்றால் உப்பு முறை: மூடிய பாட்டிலில் நீரில் குழைத்த உப்புக்கு மேலே காற்றின் ஈரப்பதம் தெரிந்த ஓர் அளவில் நிற்கும்; சென்சாரை அதில் வைத்து ஒப்பிட வேண்டும்.

செலவு
உப்பு: சுத்தமான சோடியம் குளோரைடு, காய்ச்சி வடித்த நீர், இறுக மூடும் பாட்டில். சமையல் உப்பு வேண்டாம்.
ஆய்வகம்: கட்டணம், கூரியர், போதாததற்கு மாற்றுக் கருவி.

நேரம்
உப்பு: ஒரு பகல்.
ஆய்வகம்: பல நாள்.

துல்லியம்
உப்பு: இங்கேதான் கவனம். ஈர மணல் போலக் குழைந்த உப்புக்கு மேலே, 25 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் 75.3 சதவீதம். சென்சாரின் அளவை மின்னோட்டமாக அனுப்புவது டிரான்ஸ்மிட்டர்; 0–100 சதவீதத்துக்கு 4–20 மில்லி ஆம்பியர் என அமைத்தது அப்போது 16.05 மில்லி ஆம்பியர் தர வேண்டும். சென்சார் முனை உப்பில் படக் கூடாது. பாட்டிலும் சென்சாரும் ஒரே சூட்டில் இல்லாவிட்டால், ஒரு டிகிரிக்கே நான்கு சதவீதத்துக்கு மேல் பிசகும். மன்னார்குடியில் வெயிலில் நின்ற வண்டியிலிருந்து பாட்டிலை எடுத்து அப்படியே மாட்டி, நன்றாக இருந்த கருவியை நானே திருகிக் கெடுத்திருக்கிறேன். அப்புறம், ஒரே உப்பு ஒரே புள்ளிதான். குறைந்த ஈரப்பதத்திலிருந்து கூடியது வரை அளவு சரியாக ஏறுகிறதா என்றும் பார்க்க, 11.3 சதவீதம் தரும் லித்தியம் குளோரைடும் வேண்டும்.
ஆய்வகம்: பல புள்ளிகள், வெப்பநிலையும் சேர்த்து, சான்றிதழோடு.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு பார்வை பார்க்க உப்பு போதும். தணிக்கைக்குக் காகிதம் காட்ட வேண்டியவர்கள் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். உப்புச் சோதனையில் பெரிய வித்தியாசம் வந்தாலும் அதே வழிதான், கருவியின் அளவைத் திருத்தும் திருகைத் தொடாதீர்கள்.