இரவுப் பின்னலா, ஆளிவிதை ஜெல்லா?

நீளமான, இயல்பாகவே அலையுள்ள முடியைச் சூடு படாமல், கடை ஸ்ப்ரே இல்லாமல் அழகாக வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: பின்னலுக்குத் துணி சுற்றிய ஒரு ரப்பர் பேண்ட் போதும்.
ஜெல்லுக்குக் கொஞ்சம் ஆளிவிதை, தண்ணீர், அடுப்பு.

வேலை: பின்னிவிட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்தால் அலை தயார், அவ்வளவுதான்.
ஜெல்லுக்குக் கால் கப் விதையை 2 கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும்போது சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் வடிகட்டுவது பெரும்பாடு. பதப்படுத்தும் ரசாயனம் இல்லாததால் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நிலைப்பு: உண்மையான வித்தியாசம் இங்கேதான். முடி நனையும்போது அதன் வடிவத்தைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி சேரும். பின்னல் அலை உருவாவதும், ஈரக்காற்றில் கலைவதும் இதனால்தான். ஜெல் மெல்லிய படலமாகக் காய்வதால் அலை கூடுதல் நேரம் நிற்கும்.

முடி நலம்: சொட்டச் சொட்ட ஈரத்தில் பின்னவே பின்னாதீர்கள், ஈரமுடி எளிதில் அறும். முக்கால்வாசி காய்ந்தபின் தளர்வாகப் பின்னுங்கள்.
ஜெல்லை ஈரத்திலேயே தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்குங்கள். காய்ந்ததும் விறைப்பாக இருந்தால், சரி, இன்னொரு முறை கசக்கினால் மிருதுவாகிவிடும்.

காலையில் நேரமே இல்லாதவர்களுக்கும், சீரான பெரிய அலை வேண்டுபவர்களுக்கும் பின்னல். சொந்த அலையே தெளிவாகத் தெரிய வேண்டும், முடி சிலும்பக்கூடாது என்பவர்களுக்கு ஜெல். என் ஓட்டு ஜெல்லுக்குத்தான்.